வீட்டுப் பக்கத்திலேயே ஒரு தலைநகர்



பூச்சோங்கில் இருக்கும் ஒரு வாசகி எனக்கு நாலு பக்கக் கடிதம் எழுதியிருந்தார். பள்ளி விடுமுறையில் குடும்பத்தோடு பாரிஸ் போய் வந்த கதை. ஐஃபில் கோபுரத்தை இரண்டு வரியில் முடித்துவிட்டார். மிச்சம் எல்லாமே லா ஷப்பல் என்ற பகுதியைப் பற்றித்தான்.

பாரிஸின் பெரிய ரயில் நிலையங்களில் ஒன்றான கார் து நோரிலிருந்து நடந்தே போய்விடலாம். 1983க்குப் பிறகு இலங்கையிலிருந்து உயிர் பிழைக்கப் போன தமிழர்கள் உருவாக்கிய கடைத்தெரு அது. தமிழில் பெயர்ப் பலகை, சேலைக்கடை, நகைக்கடை, முருங்கைக்காய், கொத்து ரொட்டி. ஆண்டுக்கு ஒருமுறை மாணிக்க விநாயகர் தேர் அந்தப் பிரெஞ்சுத் தெருக்களில் ஓடும்போது, சாலை நடுவே மலைமலையாகத் தேங்காய் உடைப்பார்கள். அங்கே சாப்பிட்ட தோசையைப் பற்றி மட்டும் வாசகி அரைப் பக்கம் எழுதியிருக்கிறார்.

அந்தத் தோசைக் கடையில்தான் அவருடைய பதினாலு வயது மகள் கேட்டிருக்கிறாள்: “அம்மா, நம்ம ஊர்ல இந்த மாதிரி இடம் இருக்கா?”

“ஏன் இல்ல? பிரிக்பீல்ட்ஸ் இருக்கே!”

“அது தீபாவளிக்குத் துணி எடுக்குற இடம்தானே?”

அந்தப் பெண் கோலாலம்பூரில் பிறந்தவள். அவள் வீட்டிலிருந்து பிரிக்பீல்ட்ஸ் அரை மணி நேரக் கார்ப் பயணம். “அவளுக்கு என்ன பதில் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை, ஆசிரியரே. எங்கள் அப்பா அங்கேதான் வளர்ந்தார். ஆனால் நான் அவளை அங்கே நடக்கவைத்துக் காட்டியதே இல்லை” என்று கடிதத்தை முடித்திருந்தார்.

உங்களில் எத்தனை பேர் வீட்டில் இதே நிலை? நம்மில் பலருடைய அப்பாவோ தாத்தாவோ பிரிக்பீல்ட்ஸிலோ, செந்தூலிலோ, கிள்ளான் பக்கத்துத் தோட்டத்திலோ வாழ்ந்தவர்கள்தான். பிறகு தோட்டங்கள் விற்கப்பட்டன, குவார்ட்டர்ஸ்கள் காலி செய்யப்பட்டன. நாம் பூச்சோங், ரவாங், செமினி, ஷா ஆலாம் என்று வீடு வாங்கிக்கொண்டு போனோம். நல்ல வீடு, பிள்ளைகளுக்கு நல்ல பள்ளி. அதில் எந்தக் குறையும் இல்லை. ஆனால் பிள்ளைகளுக்குத் தெரிந்த கோலாலம்பூர் எது? கார்க் கண்ணாடி வழியே ஓடுகிற நெடுஞ்சாலையும், பேரங்காடியின் கார் நிறுத்துமிடமும்தான்.

ஐரோப்பாவுக்குப் போனால் நாம் எப்படிச் சுற்றுகிறோம் என்று யோசித்துப் பாருங்கள். காலையில் ஒரு வட்டாரத்தை முடிவு செய்கிறோம். மெட்ரோவில் போய் இறங்குகிறோம். சந்து சந்தாக நடக்கிறோம். உள்ளூர்க்காரர்கள் வரிசையில் நிற்கும் கடையைப் பார்த்தால் நாமும் போய் நிற்கிறோம். முட்டிவலிக்காரப் பாட்டிகூட “இன்னும் கொஞ்ச தூரந்தானே” என்று கூடவே வருகிறார். ஊர் திரும்பி ஒரு வாரம் ஆனதும் அந்தக் கால்களெல்லாம் மறுபடி காருக்குள் போய்விடுகின்றன.

வெளிநாட்டுக்குப் போகாதீர்கள் என்று நான் சொல்லமாட்டேன். பணம் சேர்த்துப் பிள்ளைகளுக்கு உலகத்தைக் காட்டும் பெற்றோரைப் பார்த்தால் எனக்குச் சந்தோஷம்தான். பாரிஸில் நடந்த அந்த நடையை ஒரு ஞாயிற்றுக்கிழமை நம் ஊரிலும் நடந்து பாருங்கள் என்றுதான் கேட்கிறேன். காரை வீட்டில் நிறுத்திவிட்டு, ரயிலில்.

முதலில் பிரிக்பீல்ட்ஸ். கே.எல். சென்ட்ரலில் இறங்கியதுமே பிள்ளைகளிடம் ஒரு விஷயம் சொல்லலாம். 2001இல் திறக்கப்பட்ட இந்த நிலையமும் இதைச் சுற்றி நிற்கும் கண்ணாடிக் கோபுரங்களும் ரயில்வேயின் பழைய யார்டு இருந்த நிலத்தில் எழும்பியவை. சரக்குப் பெட்டிகளைப் பிரித்துக் கோத்து அனுப்பிய தண்டவாளங்கள் இங்கேதான் கிடந்தன.

அதற்கும் முன்னால்? 1881ஆம் ஆண்டு கோலாலம்பூருக்குச் சோதனையான ஆண்டு. தீ வந்தது, பிறகு வெள்ளம் வந்தது. மரமும் அத்தாப்புக் கூரையுமாக இருந்த ஊர் அழிந்துபோனது. இனி செங்கல்லும் ஓடும் வைத்துத்தான் கட்டவேண்டும் என்று பிரிட்டிஷ் ரெசிடென்ட் பிராங்க் ஸ்வெட்டன்ஹாம் முடிவெடுத்தார். அவ்வளவு செங்கல்லுக்கு எங்கே போவது? களிமண் நிறைந்த இந்தப் பகுதியில் சூளைகள் எழுந்தன. காப்பித்தான் யாப் ஆ லோய்க்கும் இந்தச் செங்கல் தொழிலில் பெரிய பங்கு உண்டு. பிரிக்பீல்ட்ஸ் என்ற பெயரே அந்தச் சூளைகளிலிருந்து வந்ததுதான்.

பின்னால் ரயில்வே வந்தது. தண்டவாளம் போடவும் பராமரிக்கவும் தமிழ்நாட்டிலிருந்து தொழிலாளர்கள் வந்தார்கள். ஆங்கிலம் படித்த யாழ்ப்பாணத்துத் தமிழர்கள் கிளார்க்குகளாகவும் ஸ்டேஷன் மாஸ்டர்களாகவும் வந்தார்கள். அவர்களுக்காகக் கட்டிய குடியிருப்புகளில் பேர்போனது ‘ஹன்ட்ரட் குவார்ட்டர்ஸ்’. ஜாலான் ரொசாரியோ பக்கம் வரிசை வரிசையாக நின்ற மாடி வீடுகள். ஏறக்குறைய நூறாண்டு நின்ற அந்த வீடுகளைப் பிறகு இடித்துவிட்டார்கள். அங்கே வளர்ந்தவர்கள் இன்று அறுபது, எழுபது வயதில் நம் வீடுகளிலேயே இருக்கிறார்கள். அவர்களைக் கூட்டிக்கொண்டு போங்கள். எந்த இடத்தில் எந்த வீடு இருந்தது, எந்த வீட்டு அத்தை மாலையில் கூப்பிட்டு வடை கொடுப்பார் என்று அவர்கள் சொல்வதை எந்த வழிகாட்டிப் புத்தகத்திலும் படிக்க முடியாது.

பெரிய சாலைக்கு வந்தால் அது ஜாலான் துன் சம்பந்தன். பிள்ளைகளிடம் கேளுங்கள், சம்பந்தன் யார்? பல பிள்ளைகளுக்கு அது மோனோரயில் நிலையத்தின் பெயர். தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டு, தொழிலாளர்கள் வேலையும் வீடும் இழந்து தவித்த காலத்தில், மாதம் பத்து வெள்ளி சேமித்தால் நாமே தோட்டம் வாங்கலாம் என்று ஊர் ஊராகப் போய்ச் சொன்னவர் அவர். அப்படித்தான் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. பால் மரம் வெட்டியவர்களின் பத்து வெள்ளியில் தோட்டங்களே வாங்கப்பட்டன. அந்தப் பெயரைத் தாங்கிய தெருவில் நின்று இதைச் சொன்னால் பிள்ளை மனதில் நிற்கும்.

2010 அக்டோபரில் இந்தியப் பிரதமர் மன்மோகன் சிங்கும் நமது பிரதமராக இருந்த நஜிப்பும் இந்தத் தெருவை ‘லிட்டில் இந்தியா’ என்று திறந்துவைத்தார்கள். சாஞ்சி ஸ்தூபியின் வாயிலைப் போல் நிற்கும் தோரண வாயில் இந்தியா தந்த அன்பளிப்பு. அதை 2015இல் இந்தியப் பிரதமர் மோடி திறந்துவைத்தார். படம் எடுக்க நல்ல இடம். எடுத்துக்கொள்ளுங்கள்.

பெரும்பாலானவர்கள் அதோடு துணிக்கடைக்குள் நுழைந்துவிடுகிறார்கள். நான் சொல்லும் பிரிக்பீல்ட்ஸ் பெரிய சாலையை விட்டு உள்ளே திரும்பியதும்தான் ஆரம்பிக்கிறது.

ஜாலான் ஸ்காட்டில் இலங்கைச் சைவர்கள் கட்டிய கந்தசுவாமி கோவில் இருக்கிறது. காலைப் பூசை நேரத்தில் போனால் நாதஸ்வரம் தெரு வரை கேட்கும். ஜாலான் பெர்ஹாலா பக்கம் சிங்களவர்கள் 1894இல் தொடங்கிய சங்கத்தின் மகா விகாரை. விசாகத் தினத்தன்று அங்கிருந்துதான் பெரிய ஊர்வலம் புறப்படும். ஊரை விட்டு வந்த சிங்களவரும் யாழ்ப்பாணத்தவரும் சில தெருக்கள் இடைவெளியில் ஆளுக்கொரு கோவில் கட்டி, நூறாண்டுக்கு மேலாக அண்டைவீட்டாராக வாழ்ந்திருக்கிறார்கள். இலங்கையின் கதை தெரிந்தவர்களுக்கு அந்தச் சில தெருக்களை நடந்து கடப்பது சாதாரண விஷயமாக இருக்காது.

விவேகானந்தா ஆசிரமத்தையும் விட்டுவிடாதீர்கள். 1904இல் கட்டிய கட்டடம். 2014இல் அந்த வளாகத்தில் அடுக்குமாடி கட்டும் திட்டம் வந்தபோது மக்கள் கையெழுத்து வாங்கி, கூட்டம் போட்டு எதிர்த்தார்கள். பிறகு அது பாரம்பரியக் கட்டடமாக அறிவிக்கப்பட்டது. குவார்ட்டர்ஸ் போய்விட்டது, ஆசிரமம் நின்றுவிட்டது. ஒன்றைக் காப்பாற்ற முடிந்ததற்குக் காரணம், அதை நேசித்தவர்கள் சத்தமாகப் பேசியதுதான். பிள்ளைகளை நடக்கவைத்துக் காட்டுங்கள் என்று நான் வற்புறுத்துவது இதற்காகவும்தான். பார்த்தே இராத கட்டடத்துக்காக நாளைக்கு யார் பேசுவார்கள்?

நடந்து போகும்போது கையில் வெள்ளைத் தடியோடு போகும் பலரைப் பார்ப்பீர்கள். மலேசியப் பார்வையற்றோர் சங்கம் இந்தப் பகுதியில்தான் இருக்கிறது. பார்வையற்றவர்கள் நடத்தும் மசாஜ் நிலையங்களும் இங்கே நிறைய. நடைபாதையில் மேடு மேடாகப் பதித்திருக்கும் மஞ்சள் ஓடுகள் எதற்கென்று சின்னப் பிள்ளைகள் கேட்பார்கள். சொல்லிக் கொடுங்கள். அந்த ஓடுகளின் மேல் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டுப் போகிற பழக்கம் நம் ஆட்களிடம் இருக்கிறது. அது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிற விஷயம்.

சரி, பசியாற எங்கே போவது?

கடைப் பெயர்களைப் பட்டியல் போட்டுக் கொடுக்க எனக்கு விருப்பமில்லை. ஆளுக்கொரு கடை மேல் பற்று இருக்கும், அது அப்படியே இருக்கட்டும். ஆனால் எப்படிச் சாப்பிடலாம் என்று சொல்கிறேன். காலையில் ஒரே கடையில் வயிற்றை நிரப்பிவிடாதீர்கள். ஒரு கடையில் ஆளுக்கு ஒரு இட்லி, இன்னொரு கடையில் ஒரு ரொட்டி சானாயைப் பிய்த்துப் பங்கு போட்டு, நடந்துகொண்டே ஒட்டுக்கடையில் சூடாக ஒரு பருப்பு வடை. ஸ்பெயினுக்குப் போனவர்கள் இப்படித்தான் கடை கடையாகச் சின்னத் தட்டில் சாப்பிட்டோம் என்று பெருமையாகச் சொல்வார்கள். நம் ஊரில் அதே போலச் செய்ய என்ன தடை?

2024 டிசம்பரில் யுனெஸ்கோ, மலேசியாவின் காலைப் பசியாறும் பழக்கத்தை மனிதகுலப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. நாசி லெமாக், ரொட்டி சானாய், தே தாரிக் மூன்றும் அதில் பேர் சொல்லிக் குறிப்பிடப்பட்டவை. அந்த மூன்றில் ரொட்டி சானாயும் தே தாரிக்கும் நம் தமிழ் முஸ்லிம் சகோதரர்கள் இந்த மண்ணில் வளர்த்தெடுத்தவை. பல இனத்தாரும் ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிடுவதைத்தான் யுனெஸ்கோ மதித்திருக்கிறது. தினமும் நாம் செய்கிற காரியம்தானே என்று தோன்றலாம். இந்த மேசை இல்லாத நாடுகள் உலகத்தில் நிறைய இருக்கின்றன.

மதியம் வாழை இலைதான், வேறு பேச்சே இல்லை. தமிழ்நாட்டிலிருந்து வருகிற என் நண்பர்களுக்கு நம் வாழை இலைச் சாப்பாட்டைப் பார்த்ததும் முதலில் குழப்பம் வரும். பொரித்த பாவற்காய், அப்பளம், மோர் மிளகாய், பருப்பு, ரசம் எல்லாம் தெரிந்தவைதான். ஆனால் கோழிப் பெரட்டலும் மீன் தலைக் கறியும் கணவாய் பொரியலும் தட்டுத் தட்டாக வரும் வேகம் அவர்களுக்குப் புதிது. பக்கத்து மேசையில் ஒரு சீனக் குடும்பம் கையால் பிசைந்து சாப்பிடும். எதிரே மலாய் இளைஞர்கள் ரசத்தை டம்ளரில் வாங்கிக் குடிப்பார்கள். தோட்டத்து வீட்டிலிருந்தும் ரயில்வே குவார்ட்டர்ஸிலிருந்தும் வந்த இந்தச் சமையல் இப்போது எல்லா மலேசியருக்கும் சொந்தமாகிவிட்டது.

சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்களுக்கு ஜாலான் பெர்ஹாலாவில் டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ் நடத்தும் அன்னலட்சுமி இருக்கிறது. வேண்டியதைச் சாப்பிடுங்கள், மனம் போலக் கொடுங்கள் என்ற கொள்கையோடு சுவாமி சாந்தானந்த சரஸ்வதியின் வழியில் தொடங்கிய உணவகம். பரதமும் இசையும் கற்கும் பிள்ளைகள் வந்துபோகும் கட்டடம் அது. உங்கள் வீட்டுப் பெண்ணுக்கோ பையனுக்கோ கலையில் ஆர்வம் இருந்தால் சாப்பாட்டுக்குப் பிறகு கொஞ்சம் உலாவிவிட்டு வாருங்கள்.

இவ்வளவும் ஒரு நாளுக்குப் போதும். இன்னொரு ஞாயிற்றுக்கிழமையைக் கிள்ளானுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கே.எல். சென்ட்ரலிலிருந்து பெலாபுஹான் கிள்ளான் போகும் கே.டி.எம். கொமுட்டரில் ஏறினால் ஒரு மணி நேரம் போல ஆகும். இந்தத் தடம் சாதாரணமானதல்ல. 1886இல் கோலாலம்பூரையும் கிள்ளான் ஆற்றுக்கரையில் இருந்த புக்கிட் கூடாவையும் இணைத்து ரயில் ஓடத் தொடங்கியது. ஈயத்தைக் கப்பலுக்குக் கொண்டுபோகப் போட்ட பாதை. 1890இல் பாலம் கட்டிய பிறகு ரயில் கிள்ளான் நகருக்குள் வந்தது. 1901இல் போர்ட் ஸ்வெட்டன்ஹாம் துறைமுகம் திறந்தது. அதுதான் இன்றைய போர்ட் கிள்ளான். நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பல் ஏறிய நம் முன்னோர் பலர் இந்தத் துறைமுகத்தில் இறங்கி, இந்த ரயில் பாதை வழியாகத்தான் உள்நாட்டுக்குள் போனார்கள். ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருக்கும் பிள்ளையிடம் இதைச் சொல்லுங்கள். கைத்தொலைபேசியிலிருந்து ஒரு நிமிடமாவது தலை நிமிரும்.

கிள்ளான் நிலையத்தில் இறங்கி வெளியே வந்தால் ஜாலான் ஸ்டேசனில் 1940இலிருந்து நடக்கும் சோங் கோக் கோப்பிக் கடை இருக்கிறது. கரியில் வாட்டிய ரொட்டி, காயா, அரைவேக்காட்டு முட்டை, கறுத்த கோப்பி. கூட்டம் இருக்கும். நின்று காத்திருந்து குடியுங்கள்.

அங்கிருந்து நடந்து போகும் தூரம்தான் ஜாலான் தெங்கு கிளானா. பிரிக்பீல்ட்ஸ் அளவுக்கு அலங்காரம் கிடையாது. எனக்கு இந்தத் தெருவை அதிகம் பிடிக்கக் காரணம் அதுதான். பூமாலை கட்டுகிற கைகள், மசாலாக் கடையின் காரமான வாசம், முறுக்குச் சுடும் எண்ணெய்ச் சட்டி, நகைக்கடை, பாத்திரக்கடை, இந்திய முஸ்லிம் பள்ளிவாசல், கறிபாப் விற்கும் ஒட்டுக்கடை எல்லாம் ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு நிற்கும். தேங்காய்ப்பூவும் பழுப்புச் சர்க்கரையும் தூவி இலையில் மடித்துத் தரும் புத்து மாயத்தைக் கையில் வாங்கிக்கொண்டு நடக்கலாம்.

ஒரு காலத்தில் சம்பள நாள் வந்தால் சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்து குடும்பம் குடும்பமாக ஜனங்கள் இறங்கிய டவுன் இது. புக்கிட் ராஜா, ஹைலண்ட்ஸ், கேரித் தீவு என்று எத்தனை தோட்டங்கள்! மாதச் சாமான் வாங்கி, பிள்ளைக்கு ஒரு சட்டை எடுத்து, ஒரு படம் பார்த்துவிட்டு லாரியிலோ பஸ்ஸிலோ திரும்பிய கதை உங்கள் அம்மாவுக்கோ பாட்டிக்கோ தெரிந்திருக்கும்.

அந்தத் தோட்டங்களின் இன்னொரு கதையையும் வளர்ந்த பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டும். 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் பெரிய வேலைநிறுத்தம் செய்தார்கள். சீனத் தொழிலாளர்களுக்குச் சமமான சம்பளம் கேட்டார்கள். கள்ளுக்கடைகளை மூடச் சொன்னார்கள், பிள்ளைகளுக்கு முறையான ஆசிரியர்கள் வேண்டும் என்றார்கள். அவர்களுடைய கோரிக்கைகளில் ஒன்றைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு அடைக்கிறது. துரைமாரோ கிராணிமாரோ எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்கவேண்டும் என்ற வழக்கத்தை நிறுத்துங்கள் என்பதுதான் அது. ‘தமிழ் நேசன்’ பத்திரிகையில் பணியாற்றிய ஆர்.எச். நாதன் இந்தப் போராட்டத்தின் முன்னணியில் நின்றார். அவரைக் கைது செய்து இந்தியாவுக்கு நாடு கடத்தினார்கள். போராட்டத்தை அடக்க ராணுவம் வந்தது, தொழிலாளர்கள் சுடப்பட்டுச் செத்தார்கள். லண்டன் டவரிலும் பாரிஸின் பஸ்தீல் சதுக்கத்திலும் நின்று வரலாறு கேட்கிற நம் பிள்ளைகள் கிள்ளானில் நின்று இதையும் கேட்கவேண்டாமா?

வெயில் ஏறுவதற்குள் கோத்தா பாலத்துக்குப் போய்விடுங்கள். 1950களின் இறுதியில் கட்டிய இரண்டடுக்குப் பாலம். மேலே வாகனங்கள், கீழே நடப்பவர்களும் சைக்கிள்காரர்களும் என்று அமைத்தார்கள். கீழ்த்தளத்தில் நடந்தால் ஆற்றுக்காற்று முகத்தில் அடிக்கும். 1909ஆம் ஆண்டுக் கட்டடமான அரச காட்சியகத்தையும் பார்க்கலாம். கிள்ளான் அரச நகரம் என்பது அங்கே போனால் பிள்ளைகளுக்குப் புரியும்.

பக் குட் தே சாப்பிடுகிறவர்களுக்குக் கிள்ளான் தாய்வீடு. மூலிகையும் பூண்டும் போட்டுக் கொதிக்கவைத்த பன்றி இறைச்சிச் சாறு. துறைமுகத்தில் மூட்டை தூக்கிய சீனத் தொழிலாளர்களின் காலை உணவு என்று சொல்வார்கள். 2024இல் அரசாங்கம் அதைத் தேசிய பாரம்பரிய உணவாக அறிவித்தது. பன்றி இறைச்சி சாப்பிடாதவர்கள் கோழியில் செய்யும் கடைகளைத் தேடலாம். ஞாயிற்றுக்கிழமைக்குப் பதிலாகப் புரட்டாசிச் சனிக்கிழமையில் போனால் இந்தப் பேச்சே வேண்டாம், சுந்தரராஜப் பெருமாள் கோவிலுக்குப் போய்விட்டு அன்னதானத்தில் உட்கார்ந்துவிடலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் எழுந்த அந்தக் கோவிலில் அன்று ஒரு திருவிழாவே நடக்கும்.

உங்களில் சிலர் இப்போது சொல்லப்போவது எனக்குத் தெரியும். “பிரிக்பீல்ட்ஸில் கார் நிறுத்த இடம் கிடைக்காது.” உண்மைதான். அதற்குத்தான் ரயில். “வெயில் தாங்காது.” ஏழரைக்குப் போய்ச் சேர்ந்தால் பத்தரைக்குள் பாதி நடையை முடித்துவிடலாம், மிச்சத்துக்குக் குடை இருக்கிறது. “சாப்பாட்டு விலை முன்பு போல் இல்லை.” இதைப் பற்றிக் கொஞ்சம் பேசியே ஆகவேண்டும்.

வாழை இலைச் சாப்பாட்டில் இரண்டு வெள்ளி ஏறினால் நமக்குக் கோபம் வருகிறது. பேரங்காடியில் ஒரு குவளை காப்பிக்குப் பதினைந்து வெள்ளி கொடுக்கும்போது அந்தக் கோபம் வருவதில்லை. அரிசி, எண்ணெய், தேங்காய், கோழி எல்லாம் ஏறியிருப்பது வீட்டுச் சமையல் செய்கிற உங்களுக்குத் தெரியாதா? வேலைக்கு ஆள் கிடைக்கவில்லை என்று உணவகக்காரர்கள் பல ஆண்டுகளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். பழைய கடைக்காரர்களின் பிள்ளைகள் டாக்டராகவும் எஞ்சினியராகவும் ஆகிவிட்டார்கள். அது நாம் எல்லோரும் ஆசைப்பட்டதுதான். ஆனால் அப்பா ஓய்வெடுத்ததும் கடைக்குப் பூட்டு விழுகிறது. பிறகு முகநூலில் “என் சின்ன வயசுக் கடை” என்று நாம் எல்லோரும் வருத்தப்படுகிறோம். கடை திறந்திருக்கும்போது ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது போயிருந்தோமா?

கடைக்காரர்களிடமும் எனக்கு ஒரு வேண்டுகோள் இருக்கிறது. விலைப் பட்டியலைக் கண்ணில் படும்படி மாட்டுங்கள். நாலு பேர் சாப்பிட்டுவிட்டு எழும்பும்போது எவ்வளவு வருமோ என்ற பயம் ஒரு குடும்பத் தலைவிக்கு இருக்கக்கூடாது. கழிவறையைச் சுத்தமாக வையுங்கள். வயதானவர்களையும் சின்னப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வரும் குடும்பங்கள் முதலில் பார்ப்பது அதைத்தான்.

போகிறவர்களுக்குச் சில நடைமுறைக் குறிப்புகள். கொமுட்டர் ரயில் அடிக்கடி வராது, நேர அட்டவணையைப் பார்த்துக் கிளம்புங்கள். சின்னக் கடைகளுக்குச் சில்லறை வைத்திருங்கள். பழைய கடைகள் பலவற்றை வாரத்தில் ஒரு நாள் மூடுவார்கள், போன் செய்து கேட்டுக்கொள்வது நல்லது. கோவிலுக்குள் போவதாக இருந்தால் அதற்கேற்ற உடுப்பு. தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் நடந்து பார்க்கப் போகாதீர்கள், அது கடைத்தெருவின் வியாபார காலம், நின்று பேச யாருக்கும் நேரம் இருக்காது. மற்ற நாட்களில் மாலை கட்டும் அக்காவிடம் பிள்ளையை ஒரு கேள்வி கேட்கச் சொல்லிப் பாருங்கள், அவர் ஊர்க்கதையே சொல்லுவார்.

பூச்சோங் வாசகிக்கு நான் பதில் எழுதிவிட்டேன். அவருடைய அப்பாவையும் மகளையும் கூட்டிக்கொண்டு முதலில் பிரிக்பீல்ட்ஸ் போவதாகச் சொல்லியிருக்கிறார்.

வரும் இதழ்களில் இன்னும் சில தெருக்களுக்கு உங்களைக் கூட்டிப் போக எண்ணம். ரயில்வே பட்டறையைச் சுற்றி வளர்ந்த செந்தூல், செட்டியார்களின் கிட்டங்கிகள் இருந்த லெபோ அம்பாங், 1873இல் தொடங்கிய மகா மாரியம்மன் கோவிலைச் சுற்றிய பழைய நகரம், மஸ்ஜிட் இந்தியா.

அதற்கு உங்கள் உதவி தேவை. ஹன்ட்ரட் குவார்ட்டர்ஸில் வாழ்ந்த குடும்பம் உங்களுடையது என்றால், கிள்ளானிலோ செந்தூலிலோ உங்கள் தாத்தா கடை வைத்திருந்தால், இரண்டு பக்கம் எழுதி அனுப்புங்கள். தமிழில் எழுத வராத பிள்ளைகள் தாத்தா பாட்டி பேசுவதைக் குரல்பதிவாக அனுப்பினாலும் போதும், நாங்கள் எழுதிக்கொள்கிறோம். பழைய படங்கள் இருந்தால் பின்பக்கத்தில் பென்சிலால் பெயரும் ஊரும் எழுதி அனுப்புங்கள். பிரதி எடுத்துக்கொண்டு அசலைப் பதிவுத் தபாலில் திருப்பி அனுப்பிவிடுவோம்.

அன்புடன்,
ஆசிரியர்